கால் பங்கை விடுவதா, வைத்திருப்பதா?

கேள்வி: 2013-ல் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மதுராந்தகம் பக்கம் 40 சென்ட் புன்செய் நிலம் வாங்கினோம். பதிவுச் செலவு உட்பட ஆளுக்கு 6 லட்சம். நால்வர் பெயரிலும் ஒரே கிரயப் பத்திரம், கூட்டுப் பட்டா. இப்போது நான் கோவையில் இருக்கிறேன். ஒருவர் திருச்சியில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். செங்கல்பட்டில் இருக்கும் நண்பர், "இப்போது விற்க வேண்டாம், ஐந்து வருஷம் போகட்டும், உனக்கு அவசரம் என்றால் உன் பங்கை நானே 16 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். அங்கே சென்ட் 2 லட்சம் போகிறதாம். அப்படிப் பார்த்தால் என் பங்கு 20 லட்சம். மூன்று வருஷத்தில் மகள் கல்லூரிக்குப் போவாள். விலகிவிடலாமா?

பதில்: சென்ட் 2 லட்சம் என்பது நீங்கள் நால்வரும் ஒரே நாளில் பத்திர ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் கிடைக்கும் விலை. உங்கள் 10 சென்ட்டுக்குத் தனியாக அந்த விலை கிடையாது. ஏனென்றால் எந்த 10 சென்ட் உங்களுடையது என்று யாராலும் காட்ட முடியாது. பத்திரத்தில் இருப்பது பிரிபடாத நாலில் ஒரு பாகம் மட்டும்தான்.

சட்டப்படி அந்தப் பாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சொத்து மாற்றச் சட்டம் 44-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது, மற்றவர்களின் சம்மதம்கூட வேண்டாம். ஆனால் அறிமுகமில்லாத மூன்று பேரோடு கூட்டாளியாக யார் வருவார்கள்? வருபவர் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார், அல்லது வழக்குப் போட்டுப் பிரிப்பதையே தொழிலாக வைத்திருப்பார். ஆக, உங்கள் பங்கை உருப்படியான விலைக்கு வாங்கக்கூடியவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அதில் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார்.

அந்த விலை மோசமா? 6 லட்சம் 12 வருஷத்தில் 16 லட்சமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டரை சதவீதம். வேலிக்கருவை மண்டிக் கிடக்கும் நிலத்துக்கு இது கேவலம் இல்லை. ஆனால் பழைய கணக்கு போகட்டும், கையில் வரப்போவதைப் பார்ப்போம்.

2025-26 நிதியாண்டில் விற்பதாக வைத்துக்கொள்வோம். விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. நிலம் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது; நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். அதனால் பணவீக்கக் குறியீடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக் காட்டும் எண்) இல்லாமல் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். முதல் வழியில் லாபம் 10 லட்சம், வரி 1.25 லட்சம். இரண்டாவது வழியில், 2013-14-க்கான குறியீடு 220, 2025-26-க்கு 376. உங்கள் 6 லட்சம் 10.25 லட்சமாகக் கணக்காகும், மீதி 5.75 லட்சத்துக்கு 20 சதவீதம், 1.15 லட்சம். வரியின் மேல் விதிக்கும் செஸ் சேர்த்து 1.2 லட்சம் என்று வையுங்கள். கையில் நிற்பது 14.8 லட்சம்.

(கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, அங்கே விவசாயம் நடந்ததா என்ற கேள்வியும் வரும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஒரு போகம்கூடப் பதிவாகவில்லை என்றால் ஆடிட்டர் வாதாட வேண்டியிருக்கும். வரி உண்டு என்று வைத்தே முடிவெடுங்கள்; இல்லையென்று ஆனால் லாபம்.)

இந்த 14.8 லட்சம், வரி போக 6 சதவீதம் வளர்ந்தால் மூன்று வருஷத்தில் சுமார் 17.6 லட்சம். இப்போது இன்னொரு பக்கம். மூன்று வருஷம் கழித்து நால்வரும் சேர்ந்து, அன்றைக்கும் அதே 2 லட்சத்துக்கே விற்கிறீர்கள். உங்கள் பங்கு 20 லட்சம். 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் 1.8 லட்சம், தரகு 2 சதவீதம் என்றால் 40 ஆயிரம். நிற்பது 17.8 லட்சம்.

அதாவது, நிலத்தின் விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் காத்திருப்பவருக்கு நஷ்டம் இல்லை. நண்பர் இப்போதே 4 லட்சம் தள்ளிக் கேட்பதால் வரும் விளைவு இது. ஆகவே விலை ஏறுமா என்பது உங்களுக்கு இரண்டாம் பட்சம். மூன்று வருஷத்தில் நான்கு கையெழுத்தும் ஒரே நாளில் விழுமா, விழாதா? அதற்குப் பதில் தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும்.

நான் இதில் கொஞ்சம் அவநம்பிக்கைக்காரன். காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு கூட்டு நிலத்தில் பங்காளிகள் மூன்று பேர். ஒருவர் திடீரென்று காலமானார். அவர் மனைவி, தாயார், இரண்டு பிள்ளைகள் என்று வாரிசுச் சான்றில் நான்கு பெயர். மூன்று கையெழுத்து ஆறாகிவிட்டது. இளைய பையன் மைனர். மைனரின் பாகத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். முன்பணம் கொடுத்திருந்தவர் எட்டு மாதம் பார்த்துவிட்டு வேறு இடம் வாங்கிக்கொண்டார். யார் மேலும் தப்பு இல்லை. கூட்டுச் சொத்தில் காலம் போகப் போகக் கையெழுத்துகள் குட்டி போடும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் ஆஸ்திரேலியா நண்பர் தனிச் சிக்கல். அவர் வர முடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் 20 சதவீதத் தேர்வும் அவருக்குக் கிடையாது; அவர் பங்குக்கு வாங்குபவரே வரி பிடித்துக் கட்ட வேண்டும். வரிப் பிடித்தம் என்றதும் தயங்கும் வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்க ஏதுவில்லாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிடச் சொல்லி, பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீங்களும் இன்னொருவரும் சேர்ந்தால் பாதி ஆகிறது. ஆனால் 40 சென்ட் காலி நிலத்தைப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றத்தை நம்பவைப்பது கஷ்டம். நான்காகக் கீறித்தான் தருவார்கள். ரோட்டு முகப்பு ஒரு பக்கம்தான் என்றால் பின்னால் இருப்பது யாருக்கு, பாதை எத்தனை அடி என்று அடுத்த சண்டை தொடங்கும். அதற்குள் உங்கள் மகள் படிப்பை முடித்திருப்பாள்.

என் யோசனை இது. செங்கல்பட்டு நண்பருக்குப் பதில் சொல்லும் முன் திருச்சிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன் போடுங்கள். "என் பங்குக்கு 16 லட்சம் விலை வந்திருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா?" என்று இருவரையும் கேளுங்கள். உங்கள் கால் பங்கும் செங்கல்பட்டு நண்பர் கைக்குப் போனால் அவர் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். மற்ற இருவருக்கும் அது உறைக்கும். இந்த ஒரு போனிலேயே விலை 17, 18 ஆவதுண்டு. 18 லட்சம் கிடைத்தால் யோசிக்காமல் விலகுங்கள்.

யாரும் ஏற்றிக் கேட்கவில்லை என்றால், நால்வருக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் கேளுங்கள். இன்ன தேதிக்குள் விற்பது, குறைந்தபட்சம் இன்ன விலை, அந்த விலை வந்தும் ஒருவர் மறுத்தால் மற்றவர்கள் பங்கை அதே விலைக்கு அவரே எடுத்துக்கொள்வது. வக்கீலிடம் கொடுத்து எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது போதாது. மூவரும் கையெழுத்துப் போட்டால் தைரியமாக இருங்கள். "நமக்குள்ள எதுக்குடா பத்திரம்?" என்று ஒருவர் சிரித்தாலும் 16 லட்சத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்குத் தேதி உண்டு, அந்த நிலத்துக்குத் தேதி இல்லை.

விலகும்போது சில விஷயங்கள். குடும்பத்தினருக்குள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 40 ஆயிரத்துக்கு மேல் போகாது. நண்பர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கிரயமாகவே எழுதினால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 16 லட்சத்துக்கு 1.44 லட்சம். இதை வாங்குபவர்தான் கட்டுவது வழக்கம். முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளில் உங்கள் தலையில் விழும். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். பேசிய விலையைவிட அது 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வருமான வரிக்கு அதுவே உங்கள் விற்பனை விலை.

பணம் முழுக்க வங்கி வழியாக வரட்டும். டிடி கைக்கு வந்த பிறகு கைரேகை வையுங்கள். பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றும் பட்டாவும் ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் அப்படியே இருந்தால், பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்கச் சொல்லி நண்பரை விரட்டுங்கள்.