செம்பு பாதி, வெள்ளி மீதி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர் நெப்போலியன் காலத்து பாட்சன் என்ற சில்லறைக் காசு ஒன்றைக் கொடுத்தார். வோ என்ற கான்டன் (சுவிஸ் மாநிலம்) வெளியிட்டது. வெள்ளி என்றார், மேடான இடங்களில் செம்பு பல்லைக் காட்டுகிறது. பெரும்பகுதி செம்பு என்றால் அரசே கள்ளக்காசு அடித்தது என்றுதானே பொருள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

செம்பு அதிகம் என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1807 முதல் பிரான்சில் வெளிவந்த, ‘என்’ எழுத்தின்மேல் கிரீடம் வைத்த 10 சான்டீம் காசைப் பாருங்கள் (100 சான்டீம் 1 ஃபிராங்கு). எடை 2 கிராம், அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 கிராம், வெள்ளி. 1 ஃபிராங்கில் 4.5 கிராம் வெள்ளி இருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு 0.45. பெரிய ஏமாற்று ஒன்றும் இல்லை. நல்ல வெள்ளியில் அடித்திருந்தால் அரை கிராம் காசு, சந்தையில் கை தவறினால் போயே போச்சு. அதனால் செம்பு சேர்த்துப் பருமனாக்கினார்கள். இந்தக் கலவைக்குப் பில்லன் என்று பெயர்.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு. 1798இல் வந்த ஹெல்வெட்டியக் குடியரசு நாணய உரிமையை மத்தியில் வைத்திருந்தது. 1803இல் நெப்போலியனின் சமரசச் சட்டத்தோடு அது கான்டன்களிடம் திரும்பியது. 10 பாட்சன் 1 ஃபிராங்கு என்ற அளவு மட்டும் பொது. பெரிய வெள்ளிக் காசு அடித்தால் லாபம் சொற்பம், பில்லனில்தான் மிச்சம். ஆகவே ஆளாளுக்குச் சில்லறையாக அடித்துத் தள்ளினார்கள். உபரி பக்கத்துக் கான்டனுக்குப் போகும், அவர்கள் தடை போடுவார்கள், அப்புறம் அதையே தாங்களும் செய்வார்கள். நெப்போலியன் தன் தளபதி பெர்த்தியேவுக்குக் கொடுத்த நொய்ஷாத்தெல் சிற்றரசில்கூடப் பெர்த்தியே பெயரில் பாட்சன் வந்தது. மனிதர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை!

நான் குறை சொல்வதென்றால், கணக்கில்லாமல் அடித்ததைத்தான் சொல்வேன். அதன் விளைவு ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1806இல் நெப்போலியனிடம் தோற்பதற்கு முன் 24 குரோஷன் (சில்லறைக் காசு) 1 தாலர் (பெரிய வெள்ளிக் காசு). 1808இல் அதே தாலருக்கு 36 குரோஷன், 1811இல் 42. தாலரைப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு நட்டமில்லை. கூலியைச் சில்லறையாக வாங்கியவருக்குத்தான் அடி. சுவிஸில் 1825இல் சில கான்டன்கள் கூடி ஒப்பந்தம் போட்டுப் பார்த்தன. 1850இன் கூட்டாட்சி நாணயச் சட்டம் வந்த பிறகுதான் பழைய காசெல்லாம் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டது. உங்களுடையது அதில் தப்பியது.

சரி, மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு எப்படி? அடிப்பதற்கு முன் வில்லையைச் சூடாக்கி அமிலத்தில் போடுவார்கள். மேற்பரப்புச் செம்பு கரைந்து மெல்லிய வெள்ளித்தோல் நிற்கும். புழங்கப் புழங்க அது தேயும். எனவே சிவப்பு தெரிவதால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடவும் வேண்டாம். மிச்சமிருக்கும் தோலும் போய்விடும்.