தொழில்சார் பரீட்சை எழுதப் போகிறவர் எந்த விதியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். டிசம்பரில் கொழும்புக்குப் போய் முதல் தடவையாக ஏசிசிஏ (ACCA, இங்கிலாந்துக் கணக்காளர் சங்கத்தின் பரீட்சை) தாள் எழுதப் போகிறாராம். அனுமதி அட்டையோடு வந்த விதிகளை வாசிக்க வாசிக்கப் பயமாக இருக்கிறது, களவு செய்யும் எண்ணமே இல்லாத எனக்கு இத்தனையும் தேவையா, எதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்கிறார். அடையாள அட்டையில் பெயர் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, பரவாயில்லையா என்றும், வீட்டில் இருந்தே எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள், சரியா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, "எண்ணம் இல்லை" என்று நீங்கள் சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் மாட்டுப்படுகிற இடம் அதுதான். பரீட்சை நேரத்தில் அனுமதி இல்லாத குறிப்பு ஒன்று உங்களிடம் இருந்து, அது அந்தப் பாடத்திட்டத்தோடு சம்பந்தப்பட்டதாகவும் இருந்துவிட்டால், அதைப் பார்த்து எழுதும் நோக்கத்தோடுதான் கொண்டுவந்தீர்கள் என்று ஏசிசிஏ எடுத்துக்கொள்ளும். விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த நோக்கம் இருக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். எடுத்துப் பார்த்தீர்களா, ஒரு வரியாவது எழுதினீர்களா என்பதெல்லாம் பிறகு வருகிற பேச்சு. பொக்கெட்டில் இருந்தது என்பதே முதல் குற்றம். ஓஎல், ஏஎல் எழுதின காலத்தில் மண்டபத்தில் நின்ற சேர் "இதை வெளியில வச்சிட்டு வாங்க மகள்" என்று சொல்லிவிட்டிருப்பார். இங்கே நோக்குநருக்கு (மண்டபத்தில் கண்காணிக்கிறவருக்கு) அப்படி விட்டுவிடும் அதிகாரம் இல்லை. அவர் நீதிபதியும் இல்லை. கண்டதை ஒரு படிவத்தில் எழுதுவார், உங்களிடமும் ஒரு விளக்கம் எழுதி வாங்குவார், அது இங்கிலாந்துக்குப் போகும். உங்கள் முகத்தையோ குடும்பத்தையோ தெரியாத ஒருவர் மாதக்கணக்கு கழித்து அந்தத் தாளை மட்டும் வைத்து உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார். அதனால் விதியை வாசிக்கும்போது "நான் நல்லவள், எனக்கு ஏன்" என்று வாசிக்காமல், "நோக்குநர் என்னைப் பற்றி என்னத்தை எழுத முடியும்" என்று வாசியுங்கள். அப்படி வாசித்தால் பாதிப் பயம் போய்விடும், எதைக் கவனிப்பது என்பதும் தன்னால் தெளிவாகும்.

இப்போது பொக்கெட்டுக்கு வருவோம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா மாமாங்கக் கோயில் விபூதியை மடித்துக் கொடுத்துவிடுவது எங்கள் ஊரில் வழக்கம். அந்த விபூதியை எந்தக் கடதாசியில் மடித்திருக்கிறார் என்று பாருங்கள். பழைய ரியூசன் கொப்பியின் ஒரு துண்டாக இருந்து, அதில் தேய்மானக் கணக்கு ஒன்று அரைகுறையாகத் தெரிந்தால், அது விதியின் கண்ணுக்கு விபூதிப் பொட்டலம் அல்ல. துஆ எழுதின சின்னத் தாளை பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன்: வீட்டிலேயே ஓதிவிட்டு வெறுங்கையோடு போங்கள். நெற்றியில் பூசின விபூதியை யாரும் கேட்கப் போவதில்லை. பஸ்ஸில் கடைசி நேரம் பார்க்க எழுதின சூத்திரத் துண்டு, உள்ளங்கையில் எழுதின சீற் இலக்கம், கல்குலேட்டர் மூடியின் உள்பக்கத்தில் எப்போதோ பென்சிலால் கிறுக்கினது, எல்லாவற்றையும் முதல் நாள் இரவே தேடிப் பிடித்து அழித்துவிடுங்கள். கல்குலேட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் வகையாகவோ, புரோகிராம் எழுதக்கூடிய வகையாகவோ இருக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கிழித்துவிட்டுக் கொண்டுபோங்கள். போனை நிறுத்தி உடம்பில் இல்லாமல், அவர்கள் காட்டுகிற இடத்தில் வையுங்கள்; சைலன்ட்டில் போட்டு ஜீன்ஸ் பொக்கெட்டில் வைத்திருந்தால் அதுவும் விதி மீறல்தான். ஸ்மார்ட் கைக்கடிகாரமும் போன் கணக்கில்தான் வரும். இடையில் கழிப்பறைக்குப் போனால் அங்கேயும் இதே சட்டம்.

பெயர் விசயத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த மட்டில் கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்கு மற்ற எல்லா விதியையும் விட இதுதான் பெரிய தலையிடி. அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்து மட்டுமா முழுப் பெயரா, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர் சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பிள்ளைகளைக் கேட்டால், முஹம்மது என்ற ஒரு பெயரே பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, பல்கலைக்கழகப் பதிவில் மூன்றாவது என்று சொல்வார்கள். நீங்கள் இணையத்தில் பதிந்தபோது எந்தப் பெயரைக் கொடுத்தீர்களோ அதுதான் அனுமதி அட்டையில் வரும், அதை நீங்கள் காட்டுகிற படம் உள்ள ஆவணத்தோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பழைய லேமினேட் அடையாள அட்டையில் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் மட்டும்தான் இருக்கும், ஆங்கில எழுத்தே இருக்காது. 2017 கடைசியில் வரத் தொடங்கின புதிய அட்டையில் மூன்று மொழியும் உண்டு. ஆங்கிலத்தில் அச்சான அனுமதி அட்டையை ஆங்கில எழுத்தே இல்லாத அட்டையோடு எப்படிப் பொருத்திக் காட்டுவீர்கள்? அதனால் காலாவதியாகாத கடவுச்சீட்டு, இல்லாவிட்டால் புதிய அடையாள அட்டை, இந்த இரண்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து உங்கள் ஏசிசிஏ கணக்கில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்துவதற்கு ஆவணம் கேட்பார்கள், அதற்கு நாள் எடுக்கும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் இதைத் தொடங்கினால் சரிவராது, இன்றைக்கே தொடங்கவேண்டும்.

அடுத்தது பயணம். இதை விதிப் புத்தகத்தில் காணமாட்டீர்கள், ஆனால் விதியில் சிக்க வைப்பது இதுதான். டிசம்பர் தவணை எங்களுக்கு மாரி. மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல், மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறினால் ரயிலும் நிற்கும், றோட்டும் நிற்கும். 2024 நவம்பரில் வெள்ளத்தால் ஏஎல் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் அப்படித்தான், நிறுத்தின பரீட்சை அடுத்த ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஆனால் பரீட்சைத் திணைக்களம் நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தள்ளி வைத்ததுபோல, உலகம் முழுக்க ஒரே வாரத்தில் நடக்கிற பரீட்சையை எங்கள் மாவட்டத்து வெள்ளத்துக்காகத் தள்ளி வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதிகம் பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள், கட்டின காசும் போகும். ஆகவே இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலை கோட்டையில் இறங்கி, கண் சிவந்தபடி நேரே மண்டபத்துக்குப் போகிற வேலை வேண்டாம். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் யாராவது இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு, கூச்சப்படாமல் கேட்டு முதல் நாளே போய்த் தங்குங்கள். வானிலை மோசமென்றால் இரண்டு நாள் முந்தி.

அப்படியும் போக முடியாமல் போனால், அல்லது பரீட்சைக்கிடையில் மின்சாரமோ கணினியோ பிரச்சினை தந்தால், அதற்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. விசேட சூழ்நிலை என்று எழுதி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, ஆதாரமும் கேட்பார்கள். மண்டபத்துக்குள் நடந்த பிரச்சினையை அந்த இடத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். வீட்டுக்கு வந்து, பெறுபேறு வந்தபிறகு "அன்றைக்குக் கணினி நின்றது" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம் தமிழில்தான் கிடைக்கும் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து இணையுங்கள். வைத்தியச் சான்றிதழில் திகதி தெளிவாக இருக்க வேண்டும்.

விலகுவதென்றால் அதற்கும் ஒரு நாள் இருக்கிறது. ஏசிசிஏயில் முற்கூட்டிய, சாதாரண, பிந்திய என்று மூன்று பதிவுக் கட்டம். சாதாரணக் கட்டம் முடியும் வரைக்கும்தான் மாற்றலாம், விலகலாம். வருடச் சந்தா ஜனவரி 1 இல் கட்ட வேண்டியது, கட்டாமல் விட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், பிறகு பழைய பாக்கியையும் கட்டித்தான் திரும்பச் சேரவேண்டும். மேல்நிலைத் தாள்களில் முதலாவதைச் சித்தியடைந்த நாளில் இருந்து 7 வருடத்துக்குள் மிச்சத்தையும் முடிக்க வேண்டும், இதை இப்போதே மனதில் வைத்தால் போதும்.

வீட்டில் இருந்தே எழுதலாம் என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். ஏசிசிஏ அந்த வழியை 2026 மார்ச் தொடக்கம், விசேட காரணம் உள்ளவர்களைத் தவிர, நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. காரணம் செயற்கை நுண்ணறிவை வைத்து நடக்கிற மோசடி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய அடிதான், ஒரு தாளுக்கு ஒரு கொழும்புப் பயணம், தங்கும் செலவு, வேலைக்கு லீவு. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் பட்டத்தின் மதிப்பைக் காப்பாற்றுகிற முடிவு என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை, பதிலுக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கணினி நிலையம் வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன். சீமா (CIMA, இன்னொரு கணக்காளர் பரீட்சை) எழுதுகிறவர்கள் வீட்டில் இருந்து எழுதுவதாக இருந்தால், அறைக்குள் வேறு ஒருவர் கால் வைத்தாலே பரீட்சையை நிறுத்தலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். "பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ" என்று அம்மம்மா கதவைத் திறந்தாலும் அதேதான். கமராவை விட்டு விலகக் கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. சத்தமாக வாசித்துப் பழகின எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி விசயம் கஷ்டம், முன்கூட்டியே பழகுங்கள்.

அரசாங்க வேலையில் இருந்துகொண்டு தடைதாண்டல் பரீட்சை (வேலையில் மேலே போவதற்கான பரீட்சை) எழுதுகிறவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை: அனுமதி அட்டையில் கையொப்பத்தை உறுதிப்படுத்தி வாங்காமல் போகவேண்டாம், உறுதிப்படுத்துகிறவரை விடியக்காலையில் தேடி ஓட முடியாது.

பரீட்சை முடிந்தபிறகும் விதி முடியவில்லை. வெளியில் வந்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் "முதல் கேள்விக்கு என்ன விடை" என்று தொடங்கிவிடுவார்கள். கேள்வியின் உள்ளடக்கத்தைப் பகிர்வது, ஞாபகத்தில் இருந்து எழுதிப் போடுவது, இன்னும் எழுதாத ஒருவருக்கு அனுப்புவது, எல்லாம் ஒழுக்காற்று விசாரணைக்கு உரியவை. நல்ல மனதோடு தம்பிக்கு உதவி என்று செய்தாலும் அப்படித்தான். அந்தக் குழுவை ஒரு கிழமைக்கு மூடி வையுங்கள்.

கடைசியாக, ஏதாவது முறைப்பாடு வந்து ஏசிசிஏயில் இருந்து மின்னஞ்சல் வந்தால், தயவுசெய்து பயந்து ஒளியாதீர்கள். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விசாரணைக்கு ஒத்துழைக்காமல் விடுவதே தனி ஒரு குற்றச்சாட்டாக வரும். முதலாவது குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமல் போனாலும் இரண்டாவதில் பெயரை நீக்கலாம். தீர்ப்பு பெயரோடு இணையத்தில் வெளியாகும், செலவுத் தொகையை பவுணில் கேட்பார்கள், நாளைக்கு வேலை தருகிறவர் உங்கள் பெயரைத் தேடினால் அது முன்னுக்கு நிற்கும். விசாரணை வீடியோ மூலம் நடக்கும், விமானம் ஏறத் தேவையில்லை. ஆங்கிலம் தடுமாறுமென்றால் தெரிந்த ஒருவரை வைத்துப் பதில் எழுதுங்கள், என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள், நோக்குநரிடம் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததுக்கு மாறாக எழுதாதீர்கள். இந்த விசயத்தில் யாருக்காவது உதவி வேண்டுமென்றால் இங்கேயே கீழே கேளுங்கள், பொழுதுபடத்தான் பார்ப்பேன், ஆனால் பதில் போடுவேன்.

பார்வைக் குறைபாடு, கைவலி, கர்ப்பம் என்று மேலதிக நேரமோ வேறு வசதியோ தேவைப்படுகிறவர்கள் பதியும்போதே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்கு மண்டபத்தில் போய்க் கேட்டால் மேற்பார்வையாளர் மனமிருந்தாலும் தர முடியாது.