கொழும்பில் இத்தனை ஆய்வு நிறுவனங்கள் அறிக்கை வெளியிடுகின்றனவே, அரசாங்கம் அவற்றைக் கேட்கிறதா?

சில வேளைகளில் கேட்கிறது. அறிக்கையின் தரத்தை விட, அது போய்ச் சேரும் நேரம்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வாசிக்கப்படும். ஆனால் திறைசேரி பல மாதங்களுக்கு முன்பே அமைச்சுகளிடம் மதிப்பீடு கேட்டுவிடும். ஒக்டோபரில் ஹோட்டலில் மேடை போட்டு அறிக்கை வெளியிட்டால் படம் பத்திரிகையில் வரும், அவ்வளவுதான். "வரிமுறையைச் சீர்திருத்துக" என்ற வரியாலும் பயனில்லை. எந்தச் சுங்கக் குறியீடு, எந்த வரி, எத்தனை வீதம், வருமான இழப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால்தான் அதிகாரி அதை அமைச்சரவையின் அனுமதிக்குப் போகும் அமைச்சரவைப் பத்திரத்தில் சேர்க்க முடியும். அந்தப் பத்திரத்துக்கு நிதியமைச்சு எழுதும் அவதானிப்பு (கருத்துரை) இழப்புத் தொகையைத்தான் முதலில் தேடும்.

தரவு கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று அந்த அரச நிறுவனம் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை சரியாக இருந்தும் தோற்பதுண்டு. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது விவசாய விஞ்ஞானிகள் விளைச்சல் சரியும் என்றார்கள். நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் என்ற முக்கிய பயிர்ச்செய்கைப் பருவம் தொடங்கிவிட்டது.

நிறுவனத்தை எடைபோட, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1988இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான கொள்கை ஆய்வுகள் நிறுவனமும், கொடையாளர் திட்டங்களை நம்பும் தனியார் அமைப்பும் ஒன்றல்ல. திட்டப் பணம் முடிந்தால் ஆய்வும் பாதியில் நிற்கும். இன்னொன்று: ஆங்கிலத்தில் மட்டும் வரும் அறிக்கை வவுனியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) யாருக்கு?