நார்மலைசேஷனும் பால் சொசைட்டி நோட்டும்

வணக்கம் அக்கா,

நான் பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். போன செமஸ்டரில் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) பேப்பரில் நல்ல மார்க். அதில் நார்மலைசேஷன் என்று, ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராமல் டேபிள்களைப் பிரிக்கும் விதிகள் வரும். மூன்றாம் நார்மல் ஃபார்முக்கும் பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்முக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் போன வாரம் ஒரு இன்டர்வியூவில் வெள்ளைத்தாளைக் கொடுத்து "ஒரு கிளினிக்குக்கு டேபிள் டிசைன் பண்ணுங்க" என்றார்கள். நோயாளி என்று ஒரு கட்டம் போட்டேன், அதோடு கை நின்றுவிட்டது. வீட்டில் மாடு இருக்கிறது, காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் பஸ் பிடிப்பேன், தனியாகக் கோர்ஸ் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஏஐயே டேபிள் எல்லாம் எழுதித் தருகிறது, எதற்கு மெனக்கெடுகிறாய் என்கிறார்கள் நண்பர்கள். இனி இதைக் கற்றுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இருக்கிறது. கை நின்றது நீங்கள் படிக்காததால் இல்லை, பாடத்தில் பாதியை மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததால். பரீட்சையில் கேள்வி எப்படி வரும்? ஆர் என்று ஒரு ரிலேஷன் (அதாவது டேபிள்), அதில் ஏ, பி, சி, டி என்று நாலு அட்ரிபியூட் (column), ஏ தெரிந்தால் பி தெரியும், பி தெரிந்தால் சி தெரியும் என்று ஃபங்ஷனல் டிபென்டென்சி முழுவதும் அம்புக்குறி போட்டுக் கேள்வியிலேயே இருக்கும், பிரித்துக் காட்டினால் மார்க். வேலையில் அந்த அம்புக்குறிகளை யாரும் எழுதித் தர மாட்டார்கள். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. டேட்டாவை உற்று உற்றுப் பார்த்தாலும் கிடைக்காது. ஆயிரம் வரியில் ஒரு போன் நம்பருக்கு ஒரே ஆள்தான் என்று இருக்கும், சரி, நம்பரை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைப்போம், ஆயிரத்து ஒன்றாவது வரியில் அம்மாவின் நம்பரையே மகளுக்கும் கொடுத்திருப்பார்கள். ஒரு விதி தப்பு என்று டேட்டா காட்டிக்கொடுக்கும், சரி என்று ஒருநாளும் சொல்லாது. விதி அங்கே வேலை பார்க்கிற மனுஷர்களிடம் இருக்கிறது, போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு உங்களுக்கு இடமும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சொசைட்டி வரிதான், எங்கள் அம்மாவும் பல வருஷம் பால் ஊற்றினவர். நாளைக் காலையில் அந்த நோட்டில் ஒரு வரியைப் பாருங்கள். தேதி, காலையா மாலையா, உறுப்பினர் எண், பெயர், லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), விலை, தொகை. பெயர் உறுப்பினர் எண்ணோடு போவது, தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் உறுப்பினர் டேபிளுக்குப் போய்விடும். நீங்கள் எழுதி மார்க் வாங்கிய இரண்டாம் நார்மல் ஃபார்ம் இதுதான். அப்புறம் தேதி, வேளை, உறுப்பினர் எண் மூன்றும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டுவது, ஆகுமா? ஒருவர் பசும்பாலும் எருமைப்பாலும் கொண்டுவந்து, இரண்டையும் தனித்தனியாக அளந்தால் ஆகாது. உங்கள் சொசைட்டியில் அப்படி அளக்கிறார்களா? பால் அளந்து எழுதுகிறவரைக் கேளுங்கள், அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் உங்கள் கீ மாறிவிடும்.

விலைக்கு வருவோம். கொழுப்பும் எஸ்என்எஃப்பும் தெரிந்தால் விலைப் பட்டியலைப் பார்த்து விலை சொல்லிவிடலாம், ஆகவே இது ட்ரான்சிடிவ் டிபென்டென்சி (கீயை நேராக இல்லாமல் இன்னொன்றின் வழியாகச் சார்ந்திருப்பது), தனி டேபிளாகப் பிரி என்று புத்தகம் சொல்லும். பிரித்தாயிற்று. அடுத்த மாதம் விலை ஏறுகிறது, யாரோ பட்டியலில் புது விலையைப் போடுகிறார், அந்த நிமிஷம் போன மாதப் பில் எல்லாம் தொகை மாறிவிடும். இதே தப்பை என் முதல் வேலையில் நான் செய்திருக்கிறேன். ஒரு கடைக்கு பில்லிங் டேபிள் போட்டேன், விலையைப் பொருள் டேபிளில் மட்டும் வைத்தேன், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் இருந்த பில்லில் ஒரு தொகை, கம்ப்யூட்டரில் இன்னொரு தொகை. கவுன்ட்டரில் இருந்த பெண்தான் திட்டு வாங்கினார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

நார்மலைசேஷன் அங்கே காலை வாரவில்லை. கொழுப்பும் எஸ்என்எஃப்பும் இருந்தால் விலை தெரியும் என்று நாம் எழுதிக்கொண்ட டிபென்டென்சிதான் தப்பு, அதில் தேதியும் சேர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து இந்த விலை என்று பட்டியலிலேயே ஒரு காலம் (column) வைத்தால் தீர்ந்துவிடும். நான் இப்போதெல்லாம் அதோடு, உண்மையில் கொடுத்த விலையையும் பால் ஊற்றிய வரியில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது நடந்து முடிந்த விஷயம், பட்டியல் எப்படி மாறினாலும் அது மாறக் கூடாது.

ஏஐ விஷயமும் இதில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்து அது நன்றாகவே டேபிள் எழுதும். எருமைப்பாலைத் தனியாக அளக்கிறார்கள் என்பதை நீங்கள் போய்க் கேட்டுச் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

இந்த விதிகளை உண்டாக்கியவர்களும் பரீட்சைக்காக உண்டாக்கவில்லை. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடல் கட்டுரையை எழுதியபோது அவர் கவலை, பலபேர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய தரவுக் களஞ்சியம். டேட்டா உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமலேயே ஒருவர் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்றார். நீங்கள் தூக்கத்தில் சொல்லும் பாய்ஸ், ரேமண்ட் பாய்ஸ், ஐபிஎம் சகா டொனால்ட் சேம்பர்லினோடு சேர்ந்து, டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை உருவாக்கியவர். அந்த மொழி பற்றிய கட்டுரை வந்த 1974-லேயே, முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

கடைசி யூனிட்டுகளான ட்ரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது என்கிற மாற்றங்களின் தொகுப்பு), ரெக்கவரி (சர்வர் விழுந்தபின் டேட்டாவை மீட்பது) இரண்டையும் தாளில் படிக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம்தான், லேப் கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு விண்டோ திறங்கள். ஒன்றில் பிகின் (ட்ரான்சாக்ஷன் தொடக்கம்) கொடுத்து ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) கொடுக்காமல் விடுங்கள், இன்னொன்றில் அதே வரியை அப்டேட் செய்யப் பாருங்கள், அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். முதல் விண்டோவில் கமிட் கொடுத்ததும் நகரும். அப்புறம் பாதி ட்ரான்சாக்ஷனில் சர்வரையே நிறுத்தித் திரும்ப எழுப்புங்கள். கமிட் ஆனது இருக்கும், ஆகாதது போயிருக்கும். உங்கள் சிலபஸில் ஏரிஸ் என்று ஒரு ரெக்கவரி முறை வந்தால் தாண்டிப் போகாதீர்கள், 1992-இல் அந்தக் கட்டுரையை ஐபிஎம் சகாக்களோடு எழுதிய சி. மோகன் சென்னை ஐஐடியில் படித்தவர்.

அடுத்த இன்டர்வியூவில் வெள்ளைத்தாள் வந்தால் உடனே கட்டம் போடாதீர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை வருவாரா, டோக்கன் நம்பர் தினமும் ஒன்றிலிருந்து தொடங்குமா, குழந்தையைக் கூட்டிவந்தால் யார் பெயரில் பில் என்று அவர்களைக் கேளுங்கள். அதற்கு முன்னால் சொசைட்டியை வரைந்து எனக்கு அனுப்புங்கள், எருமைப்பால் பதிலோடு.

அன்புடன்,
அக்கா