படக் குறிப்பேடு: கேட்டவையும் சொன்னவையும்

அன்றாடத்தை வரைந்து வைக்கும் நோட்டுகள் என்னிடம் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இங்கே.

எனக்கு வரையவே வராது. ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. டைரி எழுதுகிறவரிடம் "நீங்கள் எழுத்தாளரா?" என்று யாரும் கேட்பதில்லையே! செருப்பு, சாவிக்கொத்து என்று ஏதாவது ஒன்றை எதிரில் வையுங்கள். அதன் ஓரத்தில் கண்ணை மெதுவாக ஊரவிட்டு, காகிதத்தைப் பார்க்காமலே அதே வேகத்தில் பேனாவை நகர்த்துங்கள். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும். செருப்பின் வார் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உங்கள் கண்ணில் படும். இந்த நோட்டை நான் இவ்வளவு காலம் விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

எந்த நோட்டு வாங்குவது?

பையில் அடங்குவது. ஏ5 அளவு, அதாவது ஏ4 தாளில் பாதி, பலருக்கும் தோதாக இருக்கும். பேனா, பென்சில் மட்டும் என்றால் 100 ஜிஎஸ்எம் காகிதம் போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு; எண் கூடினால் தாள் தடிக்கும். லேசாக வாட்டர்கலர் பூச 200 ஜிஎஸ்எம் பக்கம் போங்கள். தண்ணீரை நிறைய விட்டுத் தீட்டுபவருக்கு 300 வேண்டும். ஆனால் அவ்வளவு தடித்த தாளில் நோட்டின் பக்கங்கள் குறைந்துவிடும். ரொம்ப உசத்தியான நோட்டு வேண்டாம், அதைத் தொடவே கை கூசும்.

கோட்டின்மேல் வண்ணம் பூசினால் மை கலங்கி அழுக்காகிறது. ஏன்?

உங்கள் பேனாவில் இருப்பது சாய மை. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். நிறமித் துகள் கலந்த நீர்புகா மை உள்ள பேனாவாகப் பார்த்து வாங்குங்கள். அதுவும் நன்றாகக் காய வேண்டும், இரண்டு நிமிடமாவது பொறுங்கள். ஒன்று முக்கியம்: இந்தியன் இங்க் என்ற, அரக்கு கலந்த கறுப்பு மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். அது தொட்டு வரையும் பேனாவுக்கும் பிரஷுக்கும்தான்.

என் நாட்களில் ஒன்றுமே நடப்பதில்லை. எதை வரைய?

அதைத்தான் வரைய வேண்டும். விசேஷ நாளுக்கு எப்படியும் போட்டோ இருக்கும். கைப்பிடி உடைந்த குடையை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை. மடிக்காமல் குவித்த துணி, மருந்துச் சீட்டு, சன்னலுக்கு வெளியே ஒரு கம்பம் என்று எது கண்ணில் பட்டாலும் சரி. எனக்கு உடம்புக்கு முடியாமல் கிடந்த ஒரு வாரம் முழுக்க மின்விசிறியை மட்டுமே வரைந்தேன். இன்று அந்தப் பக்கங்களைத் திறந்தால் அந்த அறையின் வெளிச்சம்கூட நினைவுக்கு வருகிறது.

எழுத்தும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். தேதி, இடம், அப்போது காதில் விழுந்த ஒரு வாக்கியம் போதும். பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832-இல் மொராக்கோ போனபோது படங்களுக்கு இடையிலேயே நிறங்களையும் குறிப்புகளையும் எழுதி வைத்தார். பல ஆண்டுகள் கழித்தும் அந்த நோட்டுகளைப் பார்த்து ஓவியம் தீட்டினார்.

ஆட்கள் அசைந்துகொண்டே இருக்கிறார்களே?

ஒரே பக்கத்தில் நாலைந்து உருவங்களைத் தொடங்கிவிடுங்கள். வேலை செய்கிறவர் அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவார். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் தலையும் தோளும் சாய்ந்திருக்கும் விதத்தைப் பிடியுங்கள். முகம் அப்புறம்.

மோசமான பக்கத்தைக் கிழிக்கலாமா?

வேண்டாம். நூல் தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதோடு சேர்ந்த மறுதாளும் கழன்று வரும். தவிர, அதுவும் உங்கள் ஒரு நாள்தானே?

பழைய நோட்டில் நிறம் மங்குமா?

மூடி வைத்த நோட்டில் வெளிச்சம் படாததால் நிறம் நெடுநாள் நிற்கும். ஸ்கெட்ச் பேனாக்களின் சாயம்தான் சீக்கிரம் வெளிறும். ஒரு தாளில் எல்லா நிறத்திலும் பட்டை இழுத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் எது வெளிறியது என்று தெரிந்துவிடும்.