தூசுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகே சாலையோரமாகக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்பு வந்தது. புகையும் தூசும் இதயத்துக்கு ஆகாது என்கிறார் மருத்துவர். தூசு நுரையீரலைத்தானே பாதிக்கும்?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: மருத்துவர் சொன்னது சரியே. கல்லாப்பெட்டியின் மேல் விரலில் ஒட்டும் கரட்டுத் தூசை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்து, தும்மலாகவும் சளியாகவும் வெளியேற்றிவிடுகின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களோ நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதனால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைந்து, இரத்தம் உறையும் தன்மையும் கூடுவதால், ஏற்கெனவே அடைப்புள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் உயர்கிறது.

இந்த நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, கனமீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 40. ஆகவே, ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற அறிவிப்பைக் கேட்டு நிம்மதியடைவதற்கில்லை.

சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை சூழ்ந்த சேலத்தில், பனிக்கால விடியலில் குளிர்காற்று மேலெழாமல் தரையையொட்டித் தங்கும்போது புகையும் கூடவே தங்கும். அந்நாட்களில் அப்பா வெயில் ஏறிய பின் கடை திறப்பது நல்லது. வாயில் கட்டும் கைக்குட்டை நுண்துகளுக்குப் போதாது. முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் உதவும், ஆனால் அணியும்போது மூச்சு முட்டினால் கழற்றிவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். வாசலில் குப்பை கொளுத்துவதை (அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தாலும்) தடுத்துவிடுங்கள். இதய மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்த வேண்டாம்.