அக்டோபர் தொடைநடுங்கிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் பற்றிய கட்டுரையில் ‘நெருக்கடி ஆட்டக்காரர் (நெருக்கடியில் வழக்கத்தைவிட நன்றாக ஆடுகிறவர்) என்று யாரும் கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நியூயார்க் யாங்கீஸ் – பாஸ்டன் ரெட் சாக்ஸ் மோதலைப் பார்த்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். 2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் 0–3 என்று விழுந்து கிடந்த பாஸ்டனை டேவிட் ஆர்டிஸ் தூக்கி நிறுத்தினார். அதே தொடரில் யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் அவுட்டிலிருந்து தப்பிக்க எதிரணி பிட்ச்சரின் (பந்து வீசுபவரின்) கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். 2006 பிளேஆஃபில் (அக்டோபரில் நடக்கும் கோப்பைச் சுற்றுகளில்) அவருக்கு 14 வாய்ப்பில் ஒரே ஹிட் (பேட்டரைப் பத்திரமாக பேஸில், அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தில், சேர்க்கும் அடி). யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2024-ல் ஆடிய லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். சிலருக்கு நெஞ்சுரம் உண்டு, சிலர் தொடைநடுங்கிகள். கண்ணுக்குத் தெரிவதை எண்களைப் போட்டு மூடுகிறீர்கள்.

எஸ்.,
நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

அந்த வரி கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். நடுக்கம் என்று ஒன்று இல்லை என்பதல்ல என் கட்சி. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானம் முழுக்க எழுந்து நின்று கத்தும்போது கை வியர்க்காதவர் யார்? ஆனால் ஒரு தொடரின் ஸ்கோரை வைத்துக்கொண்டு நடுங்கியவர் இவர், நடுங்காதவர் அவர் என்று பிரிக்க முடியாது. அதற்கு அந்தத் தொடர் போதாது.

கணக்கைப் பாருங்கள். 0.300 சராசரி (பத்து வாய்ப்புக்கு மூன்று ஹிட்) உள்ள பேட்டர் நல்ல பேட்டர். அவரும் பத்தில் ஏழு முறை தோற்கிறவர்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பழகவே நாளாகும். ஏழு ஆட்டத் தொடரில் அவருக்கு ஏறக்குறைய 25 வாய்ப்பு கிடைக்கும். ஏழெட்டு ஹிட் எதிர்பார்க்கலாம். மனசில் எந்தக் கலக்கமும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்திலேயே நாலு ஹிட்டோ அதற்குக் குறைவாகவோ வருவதற்கு நூற்றுக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு. இப்படி ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தினால், ஒவ்வொரு தொடரிலும் யாராவது ஒருவராவது அப்படி விழ பாதிக்கு மேல் வாய்ப்பு. விழுந்தவர் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று என்றால் யாரும் கவனிப்பதில்லை. ரோட்ரிகஸைப் போல 10 வருடத்துக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர் என்றால் மறுநாள் பத்திரிகையின் பின்பக்கம் முழுக்க அவர்தான்.

நீங்கள் சொன்ன ரோட்ரிகஸையே எடுத்துக்கொள்வோம். 2006 சீசனில் அவர் சராசரி 0.290. அந்தத் தரத்து பேட்டருக்கு 14 வாய்ப்பில் ஒன்றோ பூஜ்யமோ வருவது சுமார் பதினெட்டில் ஒரு தடவை நடக்கும். அரிதுதான், அதிசயம் இல்லை. யாங்கீஸ் மேலாளர் ஜோ டோரி கடைசி ஆட்டத்தில் அவரை பேட்டிங் வரிசையில் எட்டாவதாக இறக்கினார். அதற்குப் பிறகு தொடைநடுங்கி என்ற முத்திரை அழியவே இல்லை. ஆனால் 2004-ல் மின்னசோட்டாவுக்கு எதிரான சுற்றில் 0.421 அடித்தவரும் அவரே. 2009 அக்டோபரில் 0.365, 6 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி), 18 ரன் கொண்டுவந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பந்தைத் தட்டிவிட்டது அசிங்கம்தான், அதில் உங்கள் பக்கம். நடுவர்கள் கூடிப் பேசி அவரை அவுட் கொடுத்து, ஓடியிருந்த டெரக் ஜீட்டரையும் முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அது புத்தி கெட்ட காரியம். அதை வைத்து பேட்டிங்கை எடைபோடக் கூடாது.

இப்போது ஆர்டிஸ். 2013 அமெரிக்கன் லீக் இறுதியில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 22 வாய்ப்பில் 2 ஹிட். அந்த இரண்டில் ஒன்று, இரண்டாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் (ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமனாக இருந்தால் மேலும் நீளும்) 1–5-ஐ 5–5 ஆக்கிய கிராண்ட் ஸ்லாம், அதாவது நாலு ரன் தரும் ஹோம் ரன். அடுத்து, கோப்பைக்கான கடைசிச் சுற்றான உலகத் தொடரில் 16-ல் 11. ஒரே மனிதர், ஒரே மாதம். முதல் பாதியில் தொடைநடுங்கி, இரண்டாம் பாதியில் மாவீரன் என்று சொல்லலாமா? அந்த ஒரு கிராண்ட் ஸ்லாம் இல்லையென்றால் ஊர் வாய் என்ன சொல்லியிருக்கும்?

இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்புகிறது. நெருக்கடியில் விழுந்த அடி என்பது நடந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. நெருக்கடியில் அடிக்கிறவர் என்பது அந்த மனிதரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதை அளக்க வழி இருக்கிறது. லெவரேஜ் இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கு. சராசரித் தருணத்துக்கு 1, வெற்றி தோல்வி ஊசலாடும் தருணத்துக்கு அதைவிட மேலே, முடிந்துபோன ஆட்டத்துக்குப் பூஜ்யத்தை ஒட்டி. 2004-ன் மூன்றாவது ஆட்டத்தை யாங்கீஸ் 19–8 என்று ஜெயித்தது. அதன் கடைசி இன்னிங்ஸ் ஹிட்டுக்கும், மறுநாள் 12-வது இன்னிங்ஸில் ஆர்டிஸ் அடித்த ஹோம் ரன்னுக்கும் சராசரிக் கணக்கில் ஒரே மதிப்பு. இந்தக் கணக்கில் இரண்டும் மலையும் மடுவும். இது வரைக்கும் நீங்கள் சொல்வது சரி.

இரண்டாவதுதான் கை நழுவுகிறது. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டிக் கிரேமர் 1977-ல் இதைச் சோதித்தார். 1969-ல் நெருக்கடியில் தங்கள் வழக்கமான அளவை மிஞ்சியவர்கள் 1970-லும் மிஞ்சினார்களா என்று பார்த்தார், தொடர்பே தெரியவில்லை. இதை வைத்து ‘அப்படி ஒரு குணமே இல்லை’ என்று பலர் முடிவு கட்டினார்கள், பழைய கட்டுரையில் நானும் அப்படித்தான். அவர்களில் ஒருவரான, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வின் முன்னோடி பில் ஜேம்ஸ் 2004-ல் தன் நிலையையே திருத்திக்கொண்டார்: மூடுபனியில் காவல்காரனுக்கு ஆள் தெரியவில்லை என்றால் அங்கே ஆள் இல்லை என்று ஆகாது. நியாயமான திருத்தம். ஆனால் அதே மூடுபனியில் உங்களுக்கு மட்டும் எப்படி முகம் தெரிகிறது?

ஓரளவு தெளிவாகத் தெரிவது ஜீட்டர் விஷயத்தில். பிளேஆஃபில் மட்டும் 158 ஆட்டம், கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். வாழ்நாள் சராசரி 0.310, பிளேஆஃபில் 0.308. அக்டோபரில் எதிரணியின் ஐந்தாம் தர பிட்ச்சர் கண்ணிலேயே படமாட்டார். எப்போதும் ஆகச் சிறந்தவர்தான் வீசுவார். அந்த இடத்தில் அதே எண்ணில் நிற்பதே பெரிய விஷயம்.

நெஞ்சுரத்துக்கு எல்லோரும் காட்டுவது 2004 தொடரின் நாலாவது ஆட்டத்தில் பாஸ்டனின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடியதை, அதாவது பிட்ச்சர் வீசும்போதே ஓடி அதைப் பிடித்ததை. ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4–3 முன்னிலை, வீசுவது யாங்கீஸின் மரியானோ ரிவேரா. பாஸ்டனின் கெவின் மில்லர் வாக் (நாலு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். அவருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸ் வந்தார். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் ஒரு ரன்னாவது வர சுமார் 43 சதவீத வாய்ப்பு. இரண்டாம் பேஸில் என்றால் 62. ஓடி மாட்டிக்கொண்டால் 16. ஆகவே 59 சதவீதத்துக்கு மேல் வெற்றி நிச்சயமென்றால் ஓடுவதே லாபம். ராபர்ட்ஸ் அந்த சீசனில் 41 முயற்சியில் 38 ஜெயித்தவர். பிட்ச்சர் கையசைத்ததிலிருந்து பந்து கேட்ச்சரிடம் (பேட்டருக்குப் பின்னால் பிடிப்பவரிடம்) வர 1.3 வினாடி, அவர் இரண்டாம் பேஸுக்கு எறிய 2 வினாடி என்பது நல்ல ஜோடியின் கணக்கு. ஓடுகிறவருக்கு மிஞ்சுவது கண்ணிமைக்கும் நேரம். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். பெஞ்சில் விறைத்துக் கிடந்த கால்களுக்கு அதுவே உடற்பயிற்சி ஆகிவிட்டது. அடுத்த பந்திலேயே ஓடினார். யாங்கீஸ் கேட்ச்சர் ஜார்ஜ் பொசாடாவின் எறிதலில் பிழை இல்லை, மயிரிழையில் சேஃப். பில் முல்லர் அடியில் ஆட்டம் 4–4. (2023 விதிப்படி அந்த மூன்றாவது எறிதலுக்கே பேஸ் இலவசமாகக் கிடைத்திருக்கும்.) இதில் பயந்தவர் யார்? பிளேஆஃபில் 141 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.70 ரன் என்ற சராசரியில் முடித்த ரிவேராவா?

இந்த வாதத்தில் ஸ்கோரை விட்டுவிட்டு வேறு நாலு விஷயம் பாருங்கள். வெளியே போகும் பந்தை எத்தனை முறை துரத்தினார், வழக்கத்தைவிட அதிகமா? பிட்ச்சரின் வேகம் மைல் கணக்கில் குறைந்ததா? எத்தனை நாள் ஓய்வு? அதே பேட்டர்களை எத்தனாவது சுற்றாகச் சந்திக்கிறார்? டாட்ஜர்ஸ் பிட்ச்சர் கிளேட்டன் கெர்ஷாவை அக்டோபர் கோழை என்பவர்கள் 2014-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஆறு இன்னிங்ஸ் வரை இரண்டே ரன் கொடுத்தார். ஏழாவதில், பேட்டிங் வரிசையை மூன்றாவது முறை பார்க்கும்போது, சிங்கிள் மேல் சிங்கிளாக விழ, ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று. அதே தொடரின் நாலாவது ஆட்டத்தில் குறைந்த ஓய்வோடு இறக்கினார்கள். அங்கேயும் ஏழாவது இன்னிங்ஸில்தான் மேட் ஆடம்ஸ் ஹோம் ரன். எனக்கு இதில் தெரிவது களைத்த கையும், அவரை எடுக்கத் தயங்கிய மேலாளரும்தான்.

2004 தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை ஆர்டிஸ் முடித்துவைத்த விதத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 14-வது இன்னிங்ஸ், யாங்கீஸின் எஸ்டபன் லொய்சா வீசிய பத்தாவது பந்து. அதுவரை வந்த நல்ல பந்துகளை ஃபவுல், ஃபவுல் என்று கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, தன் பந்துக்குக் காத்திருந்தார். பாராட்டுவதாக இருந்தால் அந்தப் பொறுமையைப் பாராட்டுங்கள். அதே ஆட்டத்தில் இரண்டாம் பேஸைத் திருடப் போய் அவுட் ஆனவரும் அவர்தான். அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

ஜட்ஜ் 2024 பிளேஆஃபில் 49-ல் 9 ஹிட், உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் கைக்கு வந்த கேட்ச்சையும் நழுவவிட்டார். 2025-ல் 26-ல் 13. டொராண்டோவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் 1–6-லிருந்து மீண்டு வந்தபோது 6–6 ஆக்கிய ஹோம் ரன் அவருடையது. யாங்கீஸ் மறுநாள் தோற்று வெளியேறியது.